நேரம் கட்டிய கதை – 17: ஐந்து கட்டங்களும் புத்தளக் கரையும்

1970 ஜனவரி 1, வியாழக்கிழமை. கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு 12 மணி ஆனபோது புத்தளக் கரையிலுள்ள கற்பிட்டியில் காலை 5.30. யுனிக்ஸ் இயங்குதளத்தை எழுதியவர்கள் பின்னாளில் தங்கள் விநாடிக் கணக்கின் பூச்சியமாக அந்தக் கணத்தையே வைத்துக்கொண்டார்கள். இன்று உலகின் பெரும்பாலான சேர்வர்களும் கைத்தொலைபேசிகளும் அங்கிருந்துதான் எண்ணி வருகின்றன.

அந்த வியாழக்கிழமை இலங்கையில் சனி, ஞாயிறு என்ற வார விடுமுறையே கிடையாது. டட்லி சேனாநாயக்க அரசாங்கம் 1966 இல் அதை நீக்கிவிட்டு, அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அட்டமிகள் ஆகிய நான்கு போயா நாட்களையும் விடுமுறையாக்கியிருந்தது. போயாவுக்கு முந்திய நாள் அரை நாள் வேலை. ஒரு போயாவுக்கும் அடுத்ததற்கும் இடையில் பெரும்பாலும் ஏழு நாள் வரும், சில வேளை எட்டும் வரும். சிலாபம் முதல் கற்பிட்டி வரையான கத்தோலிக்கக் கரையோர ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை வேலைநாள் ஆனது. பிள்ளைகள் ஞாயிறன்றும் பாடசாலைக்குப் போனார்கள், பெரியவர்கள் பூசைக்கு நேரம் தேடினார்கள். 1971 இல் பழைய வாரம் திரும்பியது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. இந்த வாரம் எழுதப்போவது கிரொன் என்ற நிரலைப் பற்றி. மனிதர் பக்கத்தில் இல்லாதபோது ஒரு வேலையை இந்த மணிக்கு, இந்த நாளில் செய் என்று கணினிக்குச் சொல்லிவைக்கும் நிரல் அது. அதன் ஒரு வரியில் ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. உலகில் எல்லோருக்கும் ஒரே நாட்காட்டி, ஒரே ஏழு நாள் வாரம், அசையாத ஒரு கடிகாரம் என்ற நம்பிக்கையில் அமைந்த கட்டங்கள் அவை. அந்த மூன்றும் ஆடிப்போன அனுபவம் உள்ள நாடு இலங்கை. அதிலும் நிலவு, காற்று, தொழுகை, திருவிழா எல்லாம் சேர்ந்து நாளை வகுக்கும் புத்தளக் கரையில், அந்த ஐந்து கட்டங்களுக்குள் எது அடங்கும், எது அடங்காது என்று பார்ப்பதுதான் கிரொனைப் புரிந்துகொள்ள நல்ல வழி என்று நினைக்கிறேன்.

கிரொனை முதலில் எழுதியவர் கென் தொம்சன், அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில். 1979 இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இருந்த கிரொன் மிக எளிமையானது. நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கும். ஒரு கோப்பைத் திறந்து வரி வரியாகப் பார்க்கும். இந்த நிமிடத்துக்குரிய வேலை ஏதும் இருந்தால் செய்யும், பிறகு மறுபடி உறங்கும். கணினியில் ஒருசிலர் மட்டும் வேலை செய்த காலத்துக்கு அது போதும். நூற்றுக்கு மேற்பட்டோர் பகிர்ந்துகொண்ட பெரிய இயந்திரங்களில் அந்த ஓயாத விழிப்பு சுமையானது. பர்டூ பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் பிரவுன் வேறு வழி கண்டார். அடுத்து வரவேண்டிய வேலைகளை நேர வரிசையில் அடுக்கி, முதல் வேலைக்கான நேரம் வரும்வரை தூங்கச் சொன்னார். இன்று லினக்ஸ் கணினிகள் பலவற்றில் ஓடுவது 1987 இல் போல் விக்சி எழுதிய கிரொனின் வழிவந்தது.

உள்ளே இத்தனை மாறியும் எழுதும் முறை ஏறக்குறைய மாறவில்லை. இடமிருந்து வலமாக நிமிடம், மணி, மாதத்தில் நாள், மாதம், வாரத்தில் நாள். அதற்குப் பிறகு செய்யவேண்டிய வேலை. நட்சத்திரக் குறி போட்டால் எதுவானாலும் சரி என்று பொருள். 30 5 * * * என்றால் தினமும் காலை 5.30. 0 14 * * 5 என்றால் வெள்ளிதோறும் பிற்பகல் 2 மணி. காற்புள்ளியால் பல எண்களை அடுக்கலாம், இடைக்கோட்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுவரை என்று சொல்லலாம். */10 என்றால் பத்துக்கு ஒருமுறை. இந்தச் சாய்கோடு விக்சி சேர்த்தது. ஏழாம் பதிப்பில் வாரநாளை 1 முதல் 7 வரை எண்ணினார்கள், திங்கள் 1, ஞாயிறு 7. பிறகு வந்த வழக்கில் ஞாயிறு 0 ஆனது. இரண்டு வழக்கத்தாருக்கும் இடம் கொடுத்து விக்சியின் கிரொன் 0, 7 இரண்டையுமே ஞாயிறு என்று ஏற்றுக்கொள்கிறது.

வாரநாள் கட்டம் இந்தக் கரைக்கு நன்றாகவே பொருந்துகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக முஸ்லிம் மீனவர்கள் கடலுக்குப் போகாமல் நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்க மீனவர்கள் வள்ளத்தைக் கரையில் விட்டுப் பூசைக்குப் போவார்கள். ஏலத்துக்கு வரும் மீனின் அளவு 5 இலும் 0 இலும் வேறுபடுவதை வாரநாளை வைத்தே ஒரு ஸ்கிரிப்டுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

ஆனால் இதே கட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது, கிரொன் எழுதப் பழகும் எவரும் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒரு மீனவர் சங்கம் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு மாலை 4 மணிக்குக் கூடுகிறது, அதற்கு முன் உறுப்பினர்களுக்குத் தானாகக் குறுஞ்செய்தி போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 0 15 1-7 * 0 என்று எழுதத் தோன்றும். முதல் ஏழு நாட்களுக்குள் வரும் ஞாயிறு என்றுதானே மனதில் இருக்கிறது. கிரொன் அப்படி எடுத்துக்கொள்ளாது. மாதநாள், வாரநாள் என்ற இரண்டு கட்டங்களிலும் எண் இருந்தால், இரண்டில் ஒன்று பொருந்தினாலே வேலையைத் தொடங்கிவிடும். 1 ஆம் திகதி முதல் 7 வரை தினமும், போதாததற்கு எல்லா ஞாயிறும் செய்தி போகும். மற்றக் கட்டங்கள் எல்லாம் சேர்ந்து பொருந்தவேண்டும், இந்த இரண்டு மட்டும் அப்படியல்ல. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மாறாமல் நிற்கும் இந்த விதி தவறானது என்பது என் கருத்து. ஆனால் இதை நம்பி எழுதப்பட்ட வரிகள் உலகெங்கும் இருப்பதால் இனி மாறாது. வழி ஒன்று உண்டு: ஞாயிறுதோறும் ஸ்கிரிப்டை எழுப்பிவிட்டு, இன்று திகதி 7 ஐத் தாண்டிவிட்டதா என்று அதற்குள்ளேயே முதல் வரியில் கேட்கவேண்டும்.

இனிக் கடிகாரத்துக்கு வருவோம். இலங்கையில் 1880 இலிருந்து கிரீன்விச்சுக்கு 5 மணி 19 நிமிடம் 32 விநாடி முந்திய நேரம் வழங்கியது. 1906 இல் அது ஐந்தரை மணி ஆனது. போர்க்காலத்தில், 1942 ஜனவரி 5 இல் அரை மணி, செப்டெம்பரில் இன்னுமோர் அரை மணி முன்னே தள்ளினார்கள். 1945 ஒக்டோபரில் மீண்டும் ஐந்தரை. அதன் பிறகு அரை நூற்றாண்டு யாரும் தொடவில்லை.

1996 இல் வறட்சி. அன்று நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரும்பங்கு நீர்த்தேக்கங்களிலிருந்தே வந்தது. தேக்கங்கள் வற்ற, மணிக்கணக்கான மின்வெட்டு. மாலை வெளிச்சத்தைக் கூட்டினால் விளக்கு போடும் நேரம் குறையும் என்று அரசாங்கம் கணக்குப் போட்டது. 1996 மே 25 ஆம் திகதி பிறக்கும்போது கடிகாரம் 12 இலிருந்து நேரே 1 மணிக்குத் தாவியது. கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முந்தினோம். புத்தளத்தில் 5.50 அளவில் உதித்துக்கொண்டிருந்த சூரியன் மறுநாள் 6.50 அளவில் உதித்தது. அது பலருக்குச் சுமையாக, ஒக்டோபர் 26 இல் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தார்கள். 12.30 க்கு மறுபடி 12 ஆனது. ஆறு மணி வித்தியாசம் என்று நின்ற அந்த ஏற்பாடு ஏறக்குறைய பத்து ஆண்டு நீடித்தது. ஜனவரியில் புத்தளத்தில் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் சூரியன் வந்தது. ஏழரைக்குத் தொடங்கும் பாடசாலைக்குப் பிள்ளைகள் இருட்டில் வீட்டை விட்டுப் புறப்பட்டார்கள்.

வடக்கே இன்னொரு நேரம் ஓடியது. விடுதலைப் புலிகள் 1996 மாற்றத்தை ஏற்கவே இல்லை. அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் கடிகாரங்கள் இந்தியாவைப் போல ஐந்தரையிலேயே நின்றன. புத்தளத்தில் 6 மணி என்றால் வில்பத்துக் காட்டுக்கும் அப்பால் கிளிநொச்சியில் 5.30. உலகக் கணினிகளுக்கு நேர வலயங்களைச் சொல்லித்தரும் தரவுத்தளத்தைப் பேணிவந்த போல் எகர்ட், தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வாழ்பவர்கள் கல்கத்தா வலயத்தைப் பயன்படுத்தலாம் என்று 2006 ஏப்ரலில் அந்தக் கோப்பிலேயே ஒரு குறிப்பு எழுதிவைத்தார். போரின் எல்லைக்கோடு கணினிக் கோப்பு வரைக்கும் போயிருக்கிறது.

2006 இல் மீண்டும் ஐந்தரை மணிக்குத் திரும்ப முடிவாயிற்று. சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு, ஏப்ரல் 15 அதிகாலை 12.30 ஐத் தொட்ட கடிகாரம் 12 க்குத் திரும்பியது. அன்று 12 முதல் 12.30 வரையான அரை மணி நேரம் இலங்கையில் இரண்டு முறை வந்தது.

இதைக் கிரொன் வரியோடு வைத்துப் பாருங்கள். நள்ளிரவு கழிந்து கணக்குகளை முடிக்க 15 0 * * * என்று எழுதிய வேலை, உள்ளூர் நேரத்தை அப்படியே நம்பும் எளிய கிரொனில் அன்று இரண்டு தடவை ஓடும். 1996 மே 25 இலோ 12.15 என்ற நிமிடமே இல்லை, அந்த வேலை அன்று ஓடவே ஓடாது. நாள் வட்டியை இரண்டு முறை சேர்த்தாலும் தவறு, ஒருமுறையும் சேர்க்காவிட்டாலும் தவறு. டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் இன்று உள்ள கிரொன் இதற்குத் தற்காப்பு வைத்திருக்கிறது. மூன்று மணி நேரத்துக்குக் குறைவாகக் கடிகாரம் முன்னே தாவினால், தவறிப்போன வேலைகளை உடனே செய்துவிடும். பின்னே தாவினால், செய்துமுடித்த வேலையைத் திரும்பச் செய்யாது. ஆனாலும் நள்ளிரவை அண்டிய நிமிடங்களில் பணம் சம்பந்தப்பட்ட எதையும் வைக்காமல் இருப்பது நல்லது. நேர வலயத்தை மாற்றினால் கிரொனையும் நிறுத்தித் தொடங்கவேண்டும், இல்லையென்றால் பழைய நேரத்தையே அது பிடித்துக்கொண்டிருக்கக்கூடும்.

புத்தளத்தில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அவதானிப்பு நிலையம் ஒன்று உண்டு. வானிலை அவதானிப்பு உலகம் முழுவதும் கிரீன்விச் நேரப்படி, மூன்று மணிக்கு ஒருமுறை நடப்பது. காலை மழையளவு எடுக்கும் 8.30 என்ற மணி, கிரீன்விச்சில் 3 மணி. இந்த எட்டு வேளைகளையும் இலங்கை நேரத்தில் கிரொனுக்குச் சொல்வதானால் 30 2-23/3 * * *. அதாவது 2.30, 5.30, 8.30 என்று இரவு 11.30 வரை. 1996 மே மாதத்துக் கடிகாரத்தில் அதே எட்டு வேளைகளுக்கு 30 */3 * * * என்று எழுதவேண்டும். அந்த ஒக்டோபருக்குப் பின்னோ 0 */3 * * *. மழை ஒன்று, மானி ஒன்று, வரி மட்டும் மூன்று விதம். சேர்வரின் கடிகாரத்தைக் கிரீன்விச்சிலேயே வைத்துவிட்டு 0 */3 * * * என்று ஒருமுறை எழுதியிருந்தால் அத்தனை மாற்றத்திலும் அதைத் தொடவே வேண்டியதில்லை. ஆட்களின் பழக்கத்தைச் சேர்ந்த வேலைக்கு, பாடசாலை மணி அடிப்பது போன்றதற்கு, உள்ளூர் நேரம். இயற்கையை அளப்பதற்குக் கிரீன்விச். எந்த வேலை எந்த வகை என்று முதலில் தீர்மானித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

நிலவு வேறு கதை. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக 29.53 நாள். மாதநாள் கட்டத்தில் */29 என்று போட்டால் 29 நாளுக்கு ஒருமுறை என்று வராது. ஒவ்வொரு மாதமும் 1 ஆம் திகதியும், 30 இருந்தால் 30 ஆம் திகதியும்தான் ஓடும், ஏனென்றால் மாதம் மாறியதும் எண்ணிக்கை மறுபடி 1 இலிருந்து தொடங்குகிறது. 1971 க்குப் பிறகும் பௌர்ணமிப் போயா ஒவ்வொன்றும் நாடெங்கும் விடுமுறை. மீன்பிடிக்கும் நிலவுக் கணக்கு வேண்டும். இரவில் விளக்கு காட்டி மீனைச் சேர்ப்பவர்களுக்கு நிலவு காயும் நாட்கள் ஆகாது, இருட்டு நாட்கள்தான் தொழில். ஆடி மாதத்தைக்கூட கிரொன் ஒரு வரியில் ஏற்காது. உடப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு நடக்கும் ஆடி, ஜூலை நடுவில் பிறந்து ஓகஸ்ட் நடுவில் முடிகிறது. பாதி ஒரு வரியிலும் பாதி மறு வரியிலுமாக எழுதவேண்டும்.

தொழுகை நேரம் இன்னும் நுட்பமானது. கற்பிட்டியின் நெடுங்கோடு 79.8 பாகைக்குச் சற்றுக் குறைவு, ஐந்தரை மணி நேரத்துக்கு ஆதாரமான கோடோ 82.5. அதனால் அங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.11 க்கு. பூமியின் ஓட்டம் சீராக இல்லாததால் நவம்பர் தொடக்கத்தில் 11.55 க்கு முன்னதாகவும், பெப்ரவரி நடுவில் 12.25 அளவிலும் உச்சி வரும். லுஹர் என்ற நண்பகல் தொழுகையின் தொடக்கம் இந்த அரை மணிக்குள் ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டிருக்கிறது. நிலையான எந்த எண்ணும் இதற்கு உதவாது. இங்கே கிரொனுக்கு ஒரே ஒரு வேலையைத்தான் கொடுக்கவேண்டும்: 5 1 * * * என்று தினமும் அதிகாலையில் ஒரு ஸ்கிரிப்டை எழுப்புவது. அன்றைய ஐந்து வேளைகளையும் கணித்து, ஒருமுறை மட்டும் ஓடும் வேலைகளாக அன்றைக்கென்று பதிந்துவைப்பது அந்த ஸ்கிரிப்டின் பொறுப்பு.

நோன்பின் தலைப்பிறையோ கணக்குக்கும் அடங்காது. பிறை கண்டதாகச் சாட்சி வந்து, கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிப்பு வந்தபின்தான் மறுநாள் நோன்பா இல்லையா என்பது தெரியும். நாளைக் கணிப்பது ஒன்று, நாளை அறிவிப்பது வேறொன்று. அறிவிக்கப்படும் நாட்களுக்கு, மனிதர் ஒருவர் திகதியை எழுதிவைக்க ஒரு சிறு கோப்பு வேண்டும். ஸ்கிரிப்ட் தினமும் விழித்து அந்தக் கோப்பைப் படிக்கட்டும், இன்றைய திகதி அதில் இல்லையென்றால் பேசாமல் திரும்பட்டும். போயா நாட்களுக்கும் இதுவே சிறந்த வழி. ஆண்டுப் பட்டியல் முன்கூட்டியே வெளியாகிவிடுகிறது, நிலவைத் தனியாகக் கணிக்கப் போய் அதோடு முரண்பட வேண்டியதில்லை.

கடைசியாக நுரைச்சோலை. 1996 இன் மின்வெட்டு நாட்டுக்குச் சொன்ன செய்தி, மழையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பது. அதற்கான விடையாக முன்வைக்கப்பட்ட நிலக்கரி மின்நிலையம் கற்பிட்டித் தீபகற்பத்தில்தான் வந்தது. தலவில புனித அன்னம்மாள் திருத்தலம் அருகில் இருப்பதால் கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது, கரையோர மக்களும் எதிர்த்தார்கள், திட்டம் நெடுநாள் இழுபட்டது. 300 மெகாவாட் கொண்ட முதல் அலகு 2011 இல் இயங்கியது. மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவாட் ஆனது 2014 இல். கடிகாரத்தைத் தள்ளி மின்சாரத்தை மிச்சம்பிடிக்கப் பார்த்த நாடு, மின்சாரம் செய்யும் இடத்தைத் தன் கரையில் வைத்துக்கொண்டது.

அந்த நிலையத்துக்கும் ஒரு நாட்காட்டி இருக்கிறது, அதைக் கடல் எழுதுகிறது. நிலக்கரிக் கப்பல்கள் துறைமுகத்துக்குள் வருவதில்லை. திறந்த கடலில் நங்கூரமிட்டு, பாரவள்ளங்களில் கரிமாற்றிக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் அது முடியாது. ஒக்டோபர் வாக்கில் தொடங்கி ஏப்ரலுக்குள் ஆண்டு முழுவதற்கும் வேண்டிய கரியை இறக்கிக் குவித்துவிட வேண்டும். கரைவலைச் சம்மாட்டிகளின் பருவமும் ஏறக்குறைய அதுதான். சோளகத்தில் ஓயும் கடல்வேலைக்கு எதிராக, மாம்புரிப் பக்கம் 2010 இலிருந்து சுழலும் காற்றாலைகளுக்கு மே முதல் செப்டெம்பர் வரைதான் நல்ல உழைப்பு.

இந்தப் பருவத்தைக் கிரொனில் எழுதப்போனால் 10-4 என்றுதான் கை போகும். விக்சியின் கிரொன் அதை ஏற்காது. அதற்கு ஆண்டு டிசம்பரோடு முடிகிறது, சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு மட்டுமே போகத் தெரியும். 10-12,1-4 என்று இரண்டாக உடைக்கவேண்டும். இரவு பத்து மணிக்குக் கடலுக்குப் போய் விடியற்காலை நான்கு மணிக்குத் திரும்பும் வள்ளத்தைப் பின்தொடரும் ஸ்கிரிப்டுக்கும் அப்படித்தான்: 22-4 இல்லை, 22-23,0-4. காற்றாலைக்கு இந்தத் தொல்லை இல்லை. 5-9 என்று நேராக எழுதிவிடலாம்.

2006 ஏப்ரலில் இலங்கை எடுத்த முடிவு, உலகக் கணினிகளின் நேர வலயக் கோப்புக்குள் எப்படி வந்து சேர்ந்தது, அதை அங்கே எழுதிவைத்த தன்னார்வலர்கள் யார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.